மாடிப்படிக்குக் கீழே வாசிப்பு அறை

புதிதாக வந்த நாற்காலிகளை அடுக்க இடமில்லாமல், இன்று எங்கள் கிளை வளாகத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையைத் திறந்தார்கள். ஈரக் காகித வாடை முகத்தில் அடித்தது. கம்ப்யூட்டர் மேசைமேல் நீ மாட்டிக்கொள்ளும் ஹெட்போன், பஞ்சு உதிர்ந்து கிடந்தது.

"இதத் தூக்கிப் போட்டுடவாங்க மேடம்?" என்றார் வாட்ச்மேன். தலையாட்டினேன்.

நீ வரலாற்றுத் துறை, நான் பொருளியல். பார்வையில்லாத மாணவிக்குப் பாடம் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று மாணவர் நலப் பிரிவில் கேட்டார்கள், பெயர் கொடுத்தேன். கருக்களாச்சேரியிலிருந்து மீன் விற்கக் கிளம்பும் உன் அம்மா, கூடையோடு வந்து உன்னை வாசலில் விட்டுப் போவார். முதல் நாள் இந்த அறையில் நான் வாசித்த வேகத்தில் நீ கையை உயர்த்தி நிறுத்தினாய். "கமா வந்தா நில்லுடி. கேக்குற எனக்கே மூச்சு முட்டுது." அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தோம்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது உன் துறையைப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகத்தோடு இணைத்துவிட்டார்கள்; தினமும் போய்வர முடியாத தூரம். மாணவர்கள் குறைவாம். "அங்க எல்லா வசதியும் இருக்கும்மா" என்றார் இங்கிருந்த அதிகாரி. நம்பித்தான் இருவரும் பஸ் ஏறினோம்.

விடுதிக் காப்பாளர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "கூட ஒருத்தர் தங்கினாத்தான் சீட் தர முடியும். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" அங்கே நலப் பிரிவில், விடுதி தங்கள் கையில் இல்லை என்றார்கள். துறைக்குப் போனோம். நலப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். மறுபடி விடுதி. மாலைவரை ஒவ்வொரு வாசலிலும் உனக்கு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். இடம் மட்டும் கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நீ கேட்டாய்: "எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க, இல்லடி?"

உன் அம்மா தொழிலை விட்டுவிட்டு உன்னோடு வந்து தங்க முடியாது. நீ வீட்டோடு இருந்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தோடு வருவேன். முதலில் ஆவலாகக் கேட்டாய். பிறகு, "பரிட்சையே இல்ல, எதுக்குடி தொண்டையக் கெடுத்துக்கிற?" என்றாய். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே ரத்தத்தில் தட்டணுக்கள் வெகுவாக இறங்கியிருந்தன. நான் வந்து சேர்ந்தபோது உன் அம்மா வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். உன் செருப்பு அவர் மடியில் இருந்தது.

இப்போது அதே நலப் பிரிவில் ஒப்பந்த வேலை எனக்கு. உள்ளே இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். போன வாரம் நெடுங்காட்டிலிருந்து ஒரு விவசாயி தன் மகளை அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்கும் பார்வை இல்லை. "இங்க படிச்சுக் காட்டுவாங்களாங்க?" என்று கேட்டார். அதிகாரியிடம் போய் நின்றேன். "அதுக்கு ஆளும் இல்ல, பணமும் வரல. தன்மையாச் சொல்லி அனுப்பிடுங்க" என்றார். நான் திரும்பி வந்து, மதிய இடைவேளையில் நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். அந்தப் பெண் முகம் மலர்ந்தது. அவள் அப்பா என் மேசையை, அந்த நெருக்கடியான அறையை எல்லாம் பார்த்தார். "வீட்டுல கலந்துட்டு வர்றோங்க" என்றார். சேர்க்கை முடிந்துவிட்டது. அவர்கள் வரவில்லை. வந்திருந்தாலும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ விட்டுப்போனதில் என்னிடம் தங்கியது ஒரு பழக்கம்தான். பஸ்ஸில் என் தோளை இடித்து, "இப்ப வெளிய என்ன போகுது?" என்பாய், நான் சொல்லிக்கொண்டே வருவேன். இன்றும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் என் உதடு அசைகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நிறுத்த வரவில்லை. மருந்துக்கடை. தருமபுரம் திருப்பம். பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகள். தண்ணீர் வராத வாய்க்கால்.