யாரும் வந்து அழைக்க மாட்டார்கள், பெலிண்டா

சேசு மரி சூசை துணை

தென்னூர், திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பெலிண்டாவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபமாலையில் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று உன்னையே கேட்டுப் பயனில்லை, எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பாட்டு. அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். கடிதம் என்றால் நீ நடுவில் சிக்னல் சரியில்லை என்று கட் பண்ண முடியாது பார். கோபத்தில்தான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை. ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் பிடித்துப் போய் ரிட்டயர் ஆகும்வரை பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான், கோபத்தை மென்று விழுங்குகிற பழக்கம் எனக்கு வரவே இல்லை.

வியாழக்கிழமை நம் பின்தெரு கலீம் அண்ணன் மகள் நசீரா, உன் யூனிவர்சிட்டியிலேயே உன்னைப் போல ஆராய்ச்சி பண்ணுகிறவள், லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் நம் வீட்டுக்கும் வந்தாள். நீ கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாவையும் அப்பாவுக்கு ஸ்வெட்டரையும் கொடுத்தாள். திருச்சி வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று உனக்குத் தோன்றவில்லை, அப்பா அதைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நசீரா காபியைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள், ஏன் ஆன்ட்டி, பெலிண்டா அந்த லெக்சரர் போஸ்ட்டுக்கு அப்ளை பண்ணவே இல்லையே, ஊருக்கே வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டாளா என்று. எந்தப் போஸ்ட் என்று நான் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. அப்புறம் நான் விடவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். உன் டிபார்ட்மெண்டிலேயே நிரந்தர வேலை. சாயக்கழிவைத் தின்கிற பாக்டீரியா என்று நீ இத்தனை வருஷம் கட்டி அழுகிறாயே, அதே விஷயத்தில். விளம்பரம் எல்லாருக்கும் மெயிலில் வந்திருக்கிறது, கதவில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள், நீ தினமும் அந்தக் கதவைத் திறந்துகொண்டுதான் உள்ளே போயிருக்கிறாய். கடைசி நாள் வரை நீ விண்ணப்பம் போடவில்லை. உனக்குப் பின்னால் வந்து, உன்னிடமே மிஷின் பழகிக்கொண்ட ஒரு பையன் போட்டான், அவனுக்குக் கிடைத்தது. அவனுக்குப் பாராட்டு வைத்த அன்று கேக் செய்து எடுத்துப் போனவளும் பலூன் ஊதிக் கட்டினவளும் நீதான் என்று நசீரா சொன்னபோது நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன், அந்தப் பெண் முன்னால் வாயில் ஏதாவது வந்துவிடும் என்று.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய். சார் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பேம்மா, அவரே சொல்லாதப்ப நானா எப்படிப் போய் நிக்கிறது, மரியாதையா இருக்காதுல்ல என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. அந்த வேலைக்கு ஆள் எடுத்து முடிந்தபிறகு உன் பேராசிரியர் உன்னிடம் சொன்னாராமே, உனக்கு விருப்பம் இருந்தது எனக்குத் தெரியாதே, நீ ஊருக்குப் போகப் போகிறாய் என்று நினைத்துவிட்டேனே என்று. அதை என்னிடம் ஆறுதல் மாதிரிச் சொல்கிறாய். நீ காத்திருந்தது கூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை, பெலிண்டா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாண மண்டப வாசலில் நின்று, உள்ளே வா என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பதற்காகப் பந்தி முடிகிற வரைக்கும் நின்றுவிட்டுப் பசியோடு திரும்பியிருக்கிறாய். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பழக்கம் எங்கே ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். துவாக்குடிப் பக்கம் நீ பிஎச்.டி. பண்ணிய காலத்தில் உன் கைடு வீட்டு விசேஷம் ஒன்றை நீ விட்டதில்லை. அவர் மகள் கல்யாணத்தில் மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவள் நீ. அவரைப் பார்க்க வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஜங்ஷனுக்குப் போய் அழைத்து வந்தவள் நீ. நான் அப்போது வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் இங்கே நடப்பு அப்படித்தான், பிள்ளை ஓடியாடிச் செய்வாள், சார் பார்த்துச் செய்வார். அவரும் நல்ல மனிதர், பார்த்துத்தான் செய்தார். தீசிஸ் முடிந்த கையோடு கூப்பிட்டு, ஸ்காட்லாந்துல ஒரு இடம் இருக்கும்மா, நான் பேசிட்டேன், கிளம்பு என்றார், நீயும் கிளம்பினாய். அதே கணக்கை நீ அங்கேயும் போட்டாய். பேராசிரியர் மனைவிக்குக் காய்ச்சல் என்று ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாயாம், அவர் இது என்ன சூப் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். புதுசாக வருகிறவர்களுக்கு மிஷின் பழக்குவது, கெமிக்கல் ஆர்டர் போடுவது, ஃபிரிட்ஜ் கழுவுவது எல்லாம் உன் தலையில். யாரும் உன்னைச் செய்யச் சொல்லவில்லை, நீயாகவே எடுத்துப் போட்டுக்கொள்கிறாய். அவளுக்கு லேப்னா மாமியார் வீடு ஆன்ட்டி என்று நசீரா சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் கேள், உன் மேல் எனக்கு எது பெரிய கோபம் என்று. வருஷத்துக்கு ஒரு தடவை அவர் உன்னை உட்கார வைத்து, அடுத்து என்ன செய்வதாக உத்தேசம், எதில் உதவி வேண்டும் என்று கேட்கிறாராம். அங்கே அது ஒரு வழக்கமாம், எல்லா ஆய்வாளர்களையும் கேட்பார்களாம். நசீரா அந்த அரை மணி நேரத்துக்காக ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போவாளாம், எனக்கு வகுப்பு எடுத்துப் பழக வேண்டும், என் பெயரில் ஒரு ஆராய்ச்சி நிதிக்கு எழுத வேண்டும், கம்பெனிக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குவாளாம். நீ என்ன சொன்னாய், உங்களுக்கு எது சரின்னு படுதோ அது சார் என்று சொல்லிவிட்டு வந்தாய். இங்கே ஒரு கைடிடம் அதைச் சொன்னால் அவர் உச்சி குளிர்ந்துபோவார். அங்கே அவர் என்ன நினைத்தார், இந்தப் பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு யோசனையும் இல்லை என்று நினைத்தார். நான் அவர் நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அது போக, உங்கள் முன்னேற்றத்துக்கென்று வேலை நேரத்திலேயே சில நாட்கள் எடுத்துக்கொள்ளலாமாம், பயிற்சிக்குப் போகலாமாம், வேறு டிபார்ட்மெண்டில் ஒரு மூத்தவரை ஆலோசனைக்கு வைத்துத் தருவார்களாம். நீ ஒரு நாள் எடுக்கவில்லை, அந்த மூத்த அம்மாள் இரண்டு தடவை மெயில் போட்டும் நீ போய்ப் பார்க்கவில்லை, பெரியவங்க நேரத்தை வீணாக்கக் கூடாது என்று. அந்த அம்மாளுக்கு அதுதான் வேலையே. நான் சர்வீஸில் இருந்த வரைக்கும் எனக்குச் சேர வேண்டிய ஒரு லீவை விட்டதில்லை, என் வயிற்றில் பிறந்துவிட்டு உனக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கூச்சம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேனே, பதில் இதே வீட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உன் ரோசரி அத்தை கே.கே. நகரில் மாடி எடுத்துக் கட்டினாளே, நேற்று அந்த வீடு மந்திரிப்பு. வாட்ஸப்பில் கார்டு அனுப்பியிருந்தாள். அண்ணன் வீட்டுக்கு நேரில் வந்து தட்டு வைத்துக் கூப்பிடவில்லை என்று உன் அப்பா வர மாட்டேன் என்றுவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் புருஷனும் பெண்டாட்டியுமா போய்க் கூப்பிட்டிருக்கா, நான் என்ன இளிச்சவாயனா என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ரோசரி செய்தது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனாலும் நான் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி வீட்டை மந்திரித்து முடிக்கிற வரைக்கும் ரோசரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கண்ணனக் கூப்பிட வேற செய்யணுமா அண்ணி, அவரு என்ன விருந்தாளியா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கும் நான் அவளைத் திட்டினேன், போன் பண்ணவாவது உனக்கு வாயில்லையா என்று. திரும்பி வந்தால் உன் அப்பா மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, பிரியாணி யார் போட்டாங்க என்று கேட்டார். உன் விஷயத்தைச் சொன்னபோதும் அவர் உன் பக்கம்தான், பெரியவங்களாப் பார்த்துச் சொல்றதுதானே முறை ராணி என்றார். அப்பாவுக்கு ஒரு வேளைப் பிரியாணியோடு போயிற்று, உனக்குப் பிழைப்பே போகப் பார்க்கிறது.

தலைமையாசிரியை பதவி காலியானபோது எனக்கு வேண்டும் என்று நானேதான் எழுதிக் கொடுத்தேன். இவளாகவே கேட்கிறாளே என்று ஸ்டாஃப் ரூமில் பேசினார்கள், முதல் தடவை தரவும் இல்லை. நான் செத்தா போய்விட்டேன், அடுத்த தடவையும் எழுதினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டரோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, அதற்குள் வேறு ஒன்று அமையவில்லை என்றால் விசாவும் முடிகிறது. அதை நீ எனக்குச் சொல்லவில்லை, அதையும் நசீராதான் சொன்னாள். கிளாஸ்கோவில் இன்னொரு இடம் வந்திருக்கிறதாம், உன் பெயரில் உன் சொந்த ஆராய்ச்சி, இந்த மாசக் கடைசிக்குள் போட வேண்டுமாம், அதற்கு உன் பேராசிரியர் கைப்பட ஒரு பரிந்துரை வேண்டுமாம். இதைப் படித்த மறுநாள் காலையிலேயே அவர் கதவைத் தட்டு. எனக்கு இது வேண்டும், எழுதிக் கொடுங்கள், எந்தெந்த வேலை என் யோசனையில் நடந்தது என்பதையும் அதில் எழுதுங்கள் என்று கேள். அந்த மூத்த அம்மாளுக்கு மெயில் போட்டு, நேரம் வீணாகட்டும், போய்ப் பார். யூனிவர்சிட்டி மட்டும்தான் வேலை என்றும் நினைக்காதே, தண்ணீர் சுத்தம் பண்ணுகிற கம்பெனிகளுக்கும் போடு, அங்கே போனால் படித்த படிப்பு வீண் என்று இங்கே யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. எதுவும் கிடைக்காமல் நீ திரும்பி வந்தாலும் எனக்கு வெட்கம் இல்லை, உன் ரூம் அப்படியே இருக்கிறது. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று வா, வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போகிறேன். கேட்காமலே வந்து, அவர்கள் கூப்பிடவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது, அதுவும் கோபத்தில்தான்.

இந்தக் கடிதத்தை நசீரா கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வரும். அதில் கல்கண்டும் கொட்டைப்பாக்கும் மஞ்சள் கிழங்கும் இருக்கும், வெற்றிலை வாடிவிடும் என்று வைக்கவில்லை. அடியில் அந்தக் கிளாஸ்கோ விளம்பரத்தை நசீராவிடம் சொல்லி பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. நான்தான் தடவப் போனேன், அப்பா இவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டார், உனக்கு அப்பி வைக்கத்தான் தெரியும் ராணி என்று. மூலைக்கு மூலை அளவாக அவர்தான் வைத்தார். சாயங்காலம் இரண்டு பேருமாகக் கலீம் அண்ணன் வீட்டுக்கு இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறோம், அவர்கள் யாரும் எங்களை அழைக்கவில்லை, அப்பாவிடம் அதைச் சொல்லித்தான் சட்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அங்கே வந்ததும் நசீரா உன் வீட்டு வாசலில் நின்று பெல் அடிப்பாள், தட்டை இரண்டு கையாலும் நீட்டி, உங்க அம்மாவும் அப்பாவும் உன்னை அந்த வேலைக்கு அப்ளை பண்ண அழைச்சிருக்காங்க, கட்டாயம் வந்துடணும் என்று சொல்வாள். சிரிக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டால் வருகிறேன் என்று அர்த்தம், அது உனக்குத் தெரியும். முறைப்படி நேரில் அழைத்தாகிவிட்டது, இனிமேல் நீ சொல்ல என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.

மாதாவும் சூசையப்பரும் உனக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு கதவாகத் திறக்கட்டும், ஆனால் தட்ட வேண்டியது நீ. வேளைக்குச் சாப்பிடு, அடுத்தவர் வீட்டுக்கு ரசம் வைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்து. வெறும் தட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி நசீராவிடம் சொல்லியிருக்கிறேன்.

கோபம் இன்னும் ஆறாத அம்மா,
லூர்துராணி சவரிநாதன்