ஒன்றை எடு, மிச்சத்தைக் கொடு

3 பெப்ரவரி 1985, நெளுக்குளம்

பள்ளிக்கூடம் மூடி மூன்று கிழமை. கணக்கு ரீச்சர் வீட்டில் இருந்து என்ன செய்வாள்? பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி அறுபது சீட்டுகள் செய்திருக்கிறேன். விதையும் மாடும் மழையும் சேர்ந்தால் ஒரு வயல் விளையும். பகிர்ந்த சீட்டை அப்படியே வைத்து விளையாடினால் வெறும் அதிர்ஷ்டம். ஆகவே புது விதி: ஆளுக்கு ஏழு சீட்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வலப்பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வருவதில் மறுபடி ஒன்று.

"எனக்குத் தேவையானதை எடுக்கிறதோ, உனக்குத் தேவையானதை மறைக்கிறதோ, அக்கா?" என்றான் தம்பி முத்துலிங்கம்.

அதுதானே விளையாட்டே!

10 பெப்ரவரி

சரிவரவில்லை. மூன்று பேரும் முதலில் மழையைத்தான் எடுக்கிறோம். மூன்றாவது ஆளான பக்கத்து வீட்டு அழகம்மா, எழுபத்தேழுக் கலவரத்தில் ஹற்றனிலிருந்து ஓடி வந்தவர், சிரித்தார். "வெதைக்காத காட்டுல மழ பேஞ்சு என்னங்க டீச்சர்? புல்லுதான் மொளைக்கும்."

விதையில்லாத மழைக்குப் புள்ளி இல்லை என்று மாற்றினேன். உடனே எல்லோர் கையும் தயங்குகிறது. எவ்வளவு சந்தோஷம்!

17 மார்ச்

முத்துலிங்கத்தை ஆமிக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். சந்தியில் பஸ்ஸை மறித்து, இறக்கி, வரிசையில் நிற்பாட்டி — அவனை மட்டும். மீன் வாங்கத்தானே போனவன். ஐயோ, நான்தானே அனுப்பினனான்.

18 மார்ச்

ஒன்றுமில்லை.

2 ஏப்ரல்

முகாம் வாசலில் பதினோராவது நாள். "அப்பிடி ஒருத்தரும் இங்கை இல்லை." அதே பதில். அழகம்மா வேலைக்குப் போகாமல் என்னோடு வெயிலில் நிற்கிறார்.

21 மே

அழகம்மாவின் வற்புறுத்தலில் இன்று சீட்டை எடுத்தேன். இரண்டு பேருக்கு இது விளையாட்டே இல்லை. கொடுத்தது உடனே திரும்பி வருகிறது. அவர் எதை எடுத்தார் என்பது பச்சையாகத் தெரிகிறது. எரிப்பதற்கு அடுப்படிக்குக் கொண்டுபோனேன். அவர் பறித்துவிட்டார்.

"தம்பி வந்து கேட்டா என்னத்தக் குடுப்பீங்க?"

வருவானோ?

9 ஓகஸ்ட்

வந்துவிட்டான். படலையைத் திறக்கத் தெரியாதவன் போல வெளியே நின்றான். நான் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் அழவில்லை.

14 ஓகஸ்ட்

பழையபடி மூவரும் மேசையில். முத்துலிங்கம் ஏழு சீட்டையும் பிடித்துக்கொண்டே இருந்தான். எடுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. "ஒண்டை எடன், தம்பி," என்றேன்.

சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். "மூண்டு பேரைக் கொண்டந்து முன்னாலை நிப்பாட்டினவங்கள், அக்கா. ஒருத்தனைக் காட்டு, உன்னை விடுறம் எண்டு."

எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டான்.

காட்டினாயா என்று நான் கேட்கவில்லை. அவனை விட்டுவிட்டார்களே.

2 செப்ரெம்பர்

சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறான். எந்தச் சேட்டைப் போடுகிறாய் என்று கேட்டால் இரண்டையும் பார்த்தபடி நிற்கிறான். நானே எடுத்துக் கொடுக்கிறேன். அந்த மூன்று பேருக்கும் அக்காமார் இருப்பார்களோ?

30 செப்ரெம்பர்

இரண்டு பேருக்கென்று விதியை மாற்றிவிட்டேன். ஒன்பது சீட்டுகள் மேசையில் திறந்தபடி. மாறி மாறி ஒவ்வொன்று. அழகம்மாவும் நானும் விளையாட, முத்துலிங்கம் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் வந்து இருந்தான். பார்க்கிறானா என்றுகூடத் தெரியவில்லை.

கடைசியாகக் கிடந்த மாட்டுச் சீட்டுக்குக் கை நீட்டினேன். எனக்கு அது தேவையில்லை; அழகம்மாவுக்குத்தான் தேவை.

"அதை அவாவுக்கு விடு, அக்கா," என்றான்.

விட்டேன்.