தெருமுனையில் டீசல் சத்தம்

12 ஆகஸ்ட் 2005, வெள்ளி. கரமனை.

இவர் போய் மூன்று மாதம். இன்று இவருடைய சின்ன டீசல் காரையும் விற்றாயிற்று. வாங்க வந்தவர், "மைலேஜ் நன்னா கிட்டுமா மாமி?" என்று கேட்டார்.

"ஒரு தடவை டேங்கை ரொப்பினா மாசம் பூரா ஓடும்னு சொல்லுவார். சத்தம்தான் ஜாஸ்தி."

அந்தச் சத்தம் தெருமுனையில் திரும்பும்போதே இவருடைய காபிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவேன். ஆறு வருஷப் பழக்கம்.

வந்தவர் காரை ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் தெருமுனையில் அதே சத்தம். நான் பாலை ஏற்றி, காபியும் கலந்துவிட்டேன். வாசலில் அந்த மனிதர் நின்றார்.

"ஸ்பேர் சாவியை வாங்க மறந்துட்டேன் மாமி."

சாவியோடு காபியையும் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போடலையே?" என்றார்.

இவருக்குப் போடுவதில்லை.