அலைச்சறுக்குப் பலகையில் ஒரு தோட்டம்

ஹோபார்ட்,
ஜூலை, சனிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு டீகன் எழுதுவது.

நாங்கள் நலம். மேற்கே நீங்கள் வேலை செய்யும் சுரங்கப் பக்கம் இப்போதும் வெயிலாம், அம்மா சொன்னாள். இங்கே ஜூலைக் குளிர்காலத்தில் அவள் தினமும் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அலைச்சறுக்குப் பலகையைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

உறைபனி தொடங்கியதும் பார்ஸ்லி, புதினா, கொத்தமல்லி எல்லாவற்றையும் மண்தொட்டிகளோடு வீட்டுக்குள் கொண்டுவந்து வெயில் விழும் வடக்கு ஜன்னலடியில் வைத்தேன். பள்ளியை விட்ட பிறகு நானாகத் தொடங்கி, பாதியில் விடாமல் செய்கிற ஒரே வேலை இது. ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் மண்தட்டு வைத்ததால் தரைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். மண்தட்டுக்கும் வியர்க்கும் என்று யாருக்குத் தெரியும்? மரத்தரையில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் விழுந்துவிட்டன.

போன வாரம் வீட்டைப் பார்க்க வந்த வீட்டுக்காரம்மா மிஸஸ் பிளைத் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இது என்ன தரையா, டீக்கடை மேசையா?" என்றார். எனக்கு வழக்கம்போல வாயே திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி வருவதாகவும், அதற்குள் செடிகள் வெளியே போயிருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வெளியே வைத்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் கருகிவிடும், அப்பா.

வட்டங்களின் மேல் மயோனைஸ் தடவச் சொன்னாள் அம்மா; அதிலுள்ள எண்ணெய் வெள்ளைக் கறையை எடுத்துவிடுமாம். தடவி ஊறவைத்தேன். நம் நாய் பிஸ்கி வந்து பாதியை நக்கிவிட்டது. மீதியைத் துடைத்தால், வட்டங்களைக் காணோம்! பிஸ்கி நக்கிய இடம்தான் கூடுதலாகப் பளபளக்கிறது.

இனி தொட்டிகள் தரையைத் தொடவே கூடாது என்று முடிவு செய்தேன். ஈரம் பட்டால் கெடாத பொருள் எது என்று தேடியபோது கொட்டகையில் உங்கள் பலகை கண்ணில் பட்டது. இரண்டு நாற்காலிகளுக்கு மேல் அதைப் படுக்கவைத்துத் தொட்டிகளைத் தட்டுகளோடு ஏற்றினேன். "உங்கப்பா பாத்தாரு, அப்படியே கடல்ல குதிச்சிருவாரு" என்று அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது.

இன்று மிஸஸ் பிளைத் வந்தார். தரையைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரும்போது இடுப்பால் பலகையை இடித்துவிட்டார். பலகை ஆடியது. ஆனால் ஒரு தொட்டிகூட நகரவில்லை! நீங்கள் கால் வழுக்காமல் இருக்கத் தேய்த்த மெழுகு, தட்டுகளை இறுக்கிப் பிடித்திருந்தது.

"எங்கப்பா தேய்ச்ச மெழுகு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். நான்தான், அப்பா.

"அடேங்கப்பா, உனக்குப் பேசக்கூட வருமா?" என்றார் அவர். "சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறிக்கு எனக்கு ஒரு பிடி புதினா வந்துடணும், ஆமா."

வசந்தம் வந்ததும் செடிகள் வெளியே போய்விடும். பலகையைக் கழுவித் துடைத்து வைப்பேன். மெழுகை மட்டும் சுரண்டமாட்டேன். இந்தத் தடவையாவது கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுங்கள், அப்பா. வேலையில் கவனமாக இருங்கள்.

உங்கள் பிரியமுள்ள மகள்,
டீகன்