இருப்பு மட்டும் இல்லாத வேலுவுக்கு

என் உயிர்ச் சண்டைக்காரா, வேலு,

நம் வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். கேட்டுச் சிரிக்க நீதான் இல்லை.

வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. நான் டவுனில், ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடாத கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கை போனவன். எம்.ஏ. தத்துவ வகுப்பில் நமக்கு ஒரே பெஞ்சு. பிறகு நான் கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன். வேலை கிடைக்காத நீ உன் அண்ணனோடு படகேறினாய். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்ததும் போன் பண்ணுவாய். நான் வருவேன். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

சண்டை, பல நூறு வருடங்களுக்கு முன் ஒரு துறவி சொன்னதைப் பற்றி. இதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாது என்று நாம் நினைப்பது எதுவோ, அதுதான் கடவுள். அது மனதில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே அது நிஜத்திலும் இருந்தாக வேண்டும். உனக்கு இது அவ்வளவு பிடிக்கும். நான் இன்னொரு துறவியின் பக்கம்: குறையே இல்லாத தீவு ஒன்றை நினைத்துப் பார், நினைத்ததால் அது கடலில் முளைத்துவிடுமா?

“தீவு வேறடா. தீவு இல்லாமயும் போவலாம். இல்லாம போவவே முடியாதது ஒண்ண பத்தி அவரு சொல்றாரு” என்பாய். “ஞானஸ்நானம் வாங்குனவன் நீ. உங்க சாமிக்கு நான் வக்காலத்து வாங்க வேண்டியிருக்கு, பாரு.”

அப்புறம் அந்தக் காலை. அலை படகைக் கவிழ்த்தது. உன் அண்ணன் நீந்திக் கரை சேர்ந்தார். நீ சேரவில்லை. ஊர்ப் படகெல்லாம் தேடியும் உன் உடல் கிடைக்கவில்லை.

உன் மனைவி செல்வி தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள். “உடம்ப காட்டுங்க, அப்பறம் பாக்கலாம்” என்று ஒரே பிடியாக நின்றாள். மாதங்கள் போயின. உன் அப்பா என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தார். “சடங்க முடிக்கணும் தம்பி. நீ சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்” என்றார். எப்படி மறுப்பேன்?

ஞாயிறு மதியம் போனேன். வாசலில் வலைக்குப் பக்கத்தில் செல்வி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

“அவரு சொல்லுவாருண்ணே. எல்லாத்தயும் விட பெருசுன்னு நெனைக்கறது நெசத்துலயும் இருந்தே ஆவணும்னு. நான் அவர விட பெருசா எதயும் நெனச்சதில்ல. அப்ப அவரு இருக்கணுமில்ல?”

வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன பதில்தான்.

“அது சாமிக்கு மட்டுந்தாம்மா. மனுஷனுக்கு செல்லாது.”

“ஏன் செல்லாது?”

“மனுஷன் இல்லாம போவலாம்மா.”

அவள் கடலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

“அந்த சாமியாவது இருக்கா?”

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். என்னால் சொல்ல முடியவில்லையடா. “இல்லன்னுதாம்மா நான் நெனைக்கறேன்” என்றேன்.

“அப்ப ரெண்டு பேரும் இல்ல” என்றாள். அழவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த வாரமே சடங்கு நடந்தது. புல்லால் ஓர் உருவம் கட்டி, உன் நீலச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். உன் அண்ணனோடு நானும் தோள் கொடுத்தேன். கனமே இல்லை. எரிய ஆரம்பித்ததும் செல்வி ஒருமுறை உன் பெயரைச் சொன்னாள், கூப்பிடுகிற மாதிரி. அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. பேசாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு.

நாம் படித்தோமே, பாரசீக மருத்துவர் ஒருவர் சொன்னது: ஒரு பொருள் என்ன என்பது வேறு, அது இருக்கிறது என்பது வேறு. அப்போது எனக்கு அது வெறும் பரீட்சைக் கேள்வி. இப்போது பார், நீ என்ன என்பதில் ஒன்றும் குறையவில்லை. உன் சிரிப்பு, கோபம், டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வது, எல்லாம் முழுசாக இருக்கிறது. இருப்பு மட்டும்தான் இல்லை. அந்த ஒன்றை எந்த நினைப்பால் சேர்ப்பது? பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை இந்த வருடமும் நடத்தினேன். தீவைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பு சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ ஜெயித்திருக்கக் கூடாதா வேலு?

உன் மகள் பேச ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா விளையாட்டாகக் கேட்டார், “ஒங்கப்பா எங்கடி?” பிஸ்கட் தீர்ந்துபோனால் காட்டுவது போலவே இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “இல்ல” என்றாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

ஒருநாள் அவள் நிஜமாகவே கேட்பாள். நட்சத்திரமாகிவிட்டாய், எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாதமும் செய்ய மாட்டேன். அவள் கேட்டு முடிக்கும்வரை எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருப்பேன். இதை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன்.

உன் மகளுக்கு மாமாவாக மிஞ்சியவன்,
அந்துவான்