மேல் இறக்கையைப் பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்டீபனுக்கு,

சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து உங்கள் மச்சான் எழுதுகிறேன். கம்பிக்கும் தகட்டுக்கும் விலை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இறந்துபோனவருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. என் தங்கை ராணி படித்தாலும் சரி, துறைமுகத்தில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் படித்தாலும் சரி, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கின்றன. உங்கள் கிரேனில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் தோஸ்து ரபீக் பாய் கடைக்கு வந்தபோது, "ஸ்டீபன் எறக்குனா பொட்டி பூ மாரி குந்தும் அண்ணாச்சி. இப்ப இன்னாடான்னா டமால்னு வுய்து" என்றார். ராணி பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாள், வருகிறாள். ராயபுரம் வீட்டை மாற்றவில்லை. என்னோடு பேசும்போது எங்கள் தூத்துக்குடித் தமிழ், எதிர்வீட்டாரோடு உங்கள் ஊர்த் தமிழ். அதுவும் மாறவில்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள்.

"அண்ணே, அவரு ஒட்டிச் செய்ய வாங்கி வச்ச ரெட்டை றெக்கை பொம்மை விமானப் பெட்டி நாலு கெடக்கு. முத வருச ஜெபத்துக்குள்ள ஒண்ணாவது முழுசாச் செஞ்சு அலமாரி மேல வைக்கணும். மிச்சத்தப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருவேன். எது தேறும்னு நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க. சரக்குப் பாக்க உங்கள விட்டா எனக்கு யாரு?"

ஜெபத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. சரி என்றேன்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், உங்கள் விமானங்கள் எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. பகல் முழுக்க ஆகாயத்தில் உட்கார்ந்து டன் கணக்கில் தூக்கி இறக்குகிற மனிதர், வீட்டுக்கு வந்து ஈர்க்குச்சி மாதிரி மரத்தை ஒட்டிக்கொண்டிருப்பார். அதிலும் இறக்கை மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கிற பழங்காலத்து விமானம்தான் வேண்டும். ஏன் என்று ஒரு தடவை வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"இப்போ வர்ற ப்ளேன்ல எல்லாத்தையும் உள்ளாற வெச்சி மூடிக்கிறான் மச்சான். இத்தப் பாரு. கட்ட, கம்பி, நூலு, எல்லாம் வெளியவே கீது. எது எத்தத் தாங்கினு நிக்குதுன்னு தெர்து" என்றீர்கள்.

நான் உங்களுக்கு 'நீங்க' போடுவேன். நீங்கள் எனக்கு 'வா, போ' போடுவீர்கள். ராணி உங்களைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். பிறகு பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கண்டுகொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் முறையில் குறை வைத்ததில்லை. தங்கச்சி வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கிரைண்டர், மின்விசிறி, கட்டில், கிறிஸ்துமஸ் தவறாமல் துணிமணி, எல்லாம் கடை வண்டியில் வந்து இறங்கின. அண்ணன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன், இரண்டு சீப்பு பழத்தோடு. ராணி நான்கு பெட்டிகளையும் கூடத்தில் பரப்பி வைத்திருந்தாள். தரையில் உட்கார்ந்து, கடையில் லாட் பிரிப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் பெட்டி பெரியது, என் கை நீளத்துக்கு இறக்கை. ஆனால் கடல் காற்றில் மரம் முறுக்கிக்கொண்டுவிட்டது. அதைத் தள்ளினேன். இரண்டாவது பிளாஸ்டிக். உறுப்பெல்லாம் அரிசி அளவு. என் விரலுக்கு அது அகப்படாது, கண்ணுக்கும் தெரியாது. அதையும் தள்ளினேன். மூன்றாவதில் உடம்பும் கீழ் இறக்கையும் ஒட்டி முடித்திருந்தீர்கள், ஆனால் மேல் இறக்கையில் ஏதோ அடி வாங்கிய குழி. அடிபட்ட சரக்கு நமக்கு எதற்கு? நான்காவது பெட்டியின் மேல் சுற்றிய தாள்கூடப் பிரிக்கவில்லை.

"இதுதான் ராணி. கை படாத சரக்கு. எல்லாம் உள்ள இருக்கும், எண்ணிப் பாக்கவே வேண்டாம்" என்றேன்.

அவள் டீயை வைத்துவிட்டு, "அதுலயும் அந்த எடம் வரும்லாண்ணே" என்றாள்.

"எந்த எடம்?"

"மத்த மூணையும் திரும்பப் பாருங்க. எங்க நிக்குதுன்னு."

பார்த்தேன். சரக்குப் பார்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்று ஊரே சொல்லும். மரத்தைப் பார்த்தேன், பிளாஸ்டிக்கைப் பார்த்தேன், குழியைப் பார்த்தேன். மூன்றும் ஒரே இடத்தில் நிற்பதை மட்டும் பார்க்கவில்லை. மூன்றிலும் உடம்பு முடிந்திருக்கிறது, கீழ் இறக்கை முடிந்திருக்கிறது, தாங்குகிற குச்சிகள் நட்டுவைத்திருக்கின்றன. மேல் இறக்கை மட்டும் தனியே கிடக்கிறது.

மூன்றாவது பெட்டியின் அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. செய்தித்தாளைப் பிரித்தால் இரண்டு இரும்புக் கிளாம்ப். என் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. கிளாம்ப்பின் வாயை எடுத்து அந்தக் குழிகளின் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் மறந்திருக்காது. லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போன் செய்தீர்கள். "மச்சான், ஒரு ஞாயித்துக்கெயம வூட்டாண்ட வாயேன். மேல் றெக்கைய நீ நேராப் புட்சினு குந்து, நான் ஒட்டிர்றேன். பச காயறவரிக்கும்தான். பத்தே நிமிசம்."

பிடிக்க ஏதோ வேண்டும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பிடிக்கிற சாமான் என் கடையில் இல்லாததா? சாயங்காலத்துக்குள் கிளாம்ப் இரண்டை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். இரும்பைக் கவ்வுகிற கிளாம்ப் அந்த மரத்தை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. மறுநாள் நீங்கள், "செம கிளாம்ப்பு மச்சான்! கப்பலக் கட்டி இஸ்துகினு வர்லாம்!" என்றீர்கள். நானும் பெருமையாக, நம்ம கடைச் சரக்கு அப்படி என்றேன். நீங்கள் சிரித்தது எதற்கு மாப்பிள்ளை? அப்போதாவது, கிளாம்ப் வேண்டாம், நீதான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

"ஏம்மா, நீ பக்கத்துலதான இருக்க? நீ புடிச்சிருக்கலாம்லா?" என்று ராணியைக் கேட்டேன்.

"நான் புடிக்கேன், நான் புடிக்கேன்னு எத்தன தடவ சொல்லிருப்பேன். ஒங்கண்ணன் வர்ட்டும்னு மூடி வச்சிருவாரு. அடுத்த பெட்டி வாங்குவாரு, அதே எடத்துல நிறுத்துவாரு."

"அது என்ன பிடிவாதம்?"

"நீங்க இந்த வீட்டுல உக்காந்தது இல்லண்ணே. சாமான எறக்கிட்டு வாசல்லயே திரும்பிருவீங்க. றெக்கையக் கையில குடுத்துட்டா பத்து நிமிசம் அசைய முடியாதுல்லா? அதுக்குத்தான் இந்த ரெட்டை றெக்கை, ஒன் அண்ணனக் குந்த வெக்க வேற வழியில்லைன்னு சொல்லிச் சிரிப்பாரு."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

இவ்வளவு சாமர்த்தியம் உள்ள ஆளை, வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவர் என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதை இங்கேயே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மூன்று பெட்டியிலும் நான் வரவில்லை. அப்புறம் நான்காவதை எந்த நம்பிக்கையில் வாங்கினீர்கள்?

எதை எடுக்கலாம் என்றுதானே ராணி கேட்டாள். மூன்றாவதை எடுத்திருக்கிறேன், குழி விழுந்ததை. மனசு உருகி எடுத்ததாக நினைக்க வேண்டாம். மரம் முறுக்கவில்லை, பாதி வேலை உங்கள் கையாலேயே முடிந்திருக்கிறது, ஜெபத்துக்குள் முடிய வாய்ப்புள்ளது அது ஒன்றுதான். குழியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடலாம் என்று தச்சு வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னார். அடைத்தாலும் தடம் தெரியும் என்றார். தெரியட்டும். உங்களுக்குத்தான் எல்லாம் வெளியே தெரிய வேண்டுமே.

பிரிக்காத பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வருகிற ஞாயிறு அவள் கோயிலிலிருந்து திரும்பியதும் ஒட்டுகிறோம். பசை போடப்போவது அவள், பிடிக்கப்போவது நான். கடை வண்டி வராது, பழம் வராது, பை வராது. தங்கச்சி வீட்டு வாசலை முதல் தடவையாக வெறுங்கையோடு மிதிக்கப் போகிறேன். இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. பசை காய்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் மாப்பிள்ளை. காய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் பிடித்து உட்காரவைத்த
உங்கள் மச்சான்