இருவராய் நேர்ந்த நடை

நெல்லியடி
12.04.2025

அன்புள்ள கஜந்தினியின் அப்பாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை, ஆகவே கடிதம். இம்முறை சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தோடு நானும் வருவதாகச் சொல்லிவிட்டேன். கஜந்தினி சின்னப் பிள்ளையாக டெங்குவோடு கிடந்தபோது, ஆசுப்பத்திரிக் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று நாங்கள் நேர்ந்தது இன்னும் தீராமல் கிடக்கிறது. இப்போது லண்டனில் அவள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். இனியும் தள்ளிப்போடப் பயமாக இருக்கிறது.

நேர்ந்தது இருவராக; நடப்பதும் இருவராக இருக்கவேண்டும். "கண்டறியாத நேர்த்தி! உந்த மனிசன் வீட்டுப் படலை தாண்டாது, நீ கதிர்காமத்துக்குக் கூப்பிடுறாய்" என்று அண்ணை சிரித்தார். நான் காதில் போடவில்லை.

கஜந்தினி என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. உங்களோடு நடந்த பிறகு யோசிக்கலாம் என்று இருக்கிறேன். பாதை எப்படி, என்ன கொண்டுபோகலாம் என்று விசாரித்து எழுதுங்கள். வருகிறேன் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
உதயகலா

தெல்லிப்பழை
19.04.2025

உதயகலாவுக்கு,

விசாரிக்கத் தேவையில்லை. புதுச் செருப்பு வாங்காதீர். கொப்புளம் வரும், உடையும், அதன் மேலேயே இன்னொன்று வரும். சுமந்துபோவதில் பாதியை முல்லைத்தீவுக்குள் யாருக்காவது கொடுத்துவிடுவீர். கோயில் மண்டபச் சீமெந்தில் படுக்கவேண்டும். குறட்டை விடுபவரை நாம் தெரிவு செய்ய முடியாது. எல்லாரும் பக்தியில் உருகி நடப்பார்கள் என்றும் நினைக்காதீர். வெருகலில் தண்ணீருக்கு நின்ற ஒரு கிழவர் மற்றவரைப் பார்த்து, "சாமி, உம்மடை முருகன் வேறை, என்ரை முருகன் வேறை, வாளியை வையும்" என்றார்.

கதிர்காமத்தில் ஏதோ நடக்கும் என்று எதிர்பார்க்காதீர். நான் போன வருடம் நடந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. மாணிக்க கங்கையில் முழுகினேன், தேங்காய் உடைத்தேன். மனதில் ஒன்றும் வரவில்லை. கண்ணீரும் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். ஆகவே நேர்த்தி தீர்ந்தது. நீர் பயப்படவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம்.

இருவராக என்று எழுதுகிறீர். மகளைத் தாரை வார்ப்பதும் தாயும் தகப்பனும் இருவராகச் செய்வதுதான். என்னைக் கேளாமல் மாப்பிள்ளை பேசியதையாவது விடலாம். கலியாணத்தன்று பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் நின்றேன். "வாங்கோ" என்று கூப்பிட ஒரு குஞ்சும் வரவில்லை. என் இடத்தில் உமது அண்ணை முருகேசு இருந்து தாரை வார்த்தார். அதன் பிறகு நீர் போய் இருப்பதும் அவர் வீட்டில்தான். நடப்பதற்கும் அவரையே கூட்டிக்கொண்டு போம்.

சுபாஸ்கரன்

நெல்லியடி
26.04.2025

கஜந்தினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிணற்றடியில் நின்று வாசித்தேன். பிறகு உடுப்புத் தோய்த்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மகளின் கலியாணத்தில் தகப்பனை யார் போய்க் கூப்பிடுவது? வருகிறவர்களைக் கூப்பிடுகிறவரே தகப்பன்தானே. நீங்கள் வாசலில் நிற்பது தெரியாமல், "இப்ப வந்திடுவார், கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்று முகூர்த்தம் முடியப்போகும்வரை ஐயரை மறித்துக்கொண்டிருந்தவள் நான்.

நேர்த்தி தீர்ந்தது நல்லது. நான் எதிர்பார்த்தது முருகனை மட்டும் அல்ல. அவ்வளவு தூரம் பக்கத்தில் நடந்தால், எங்கேயாவது ஒரு இடத்தில், "இஞ்சாரும், ஏலாமல் கிடக்கு, கொஞ்சம் இருப்பம்" என்று என்னிடம் சொல்வீர்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. அதையும் நீங்கள் தனியாகவே நடந்து முடித்துவிட்டீர்கள்.

நான் நடக்கத்தான் போகிறேன். திரும்பி வந்ததும் லண்டன். நேற்றுக் கஜந்தினிக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உதயகலா

தெல்லிப்பழை
09.05.2025

உதயகலாவுக்கு,

நீர் சந்நிதியிலிருந்து வெளிக்கிட்டுவிட்டீர் என்று பக்கத்து வீட்டு நடராசா சொன்னார். இந்தக் கடிதம் நெல்லியடி வீட்டில் கிடக்கும். வந்து வாசிக்கலாம், விடலாம்.

நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. வாகரைக்குக் கிட்ட ஒரு ஊரில் மரத்தடியில் வைத்து யாத்திரை போகிறவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். பரிமாறிய பெண், "தனியாவா வந்த நீங்க, சாமி?" என்று கேட்டார்.

"இல்லை, மனிசி பின்னாலை வாறா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது.

அவர் உடனே ஒரு வாழையிலையில் சோறும் பூசணிக்காய்க் கறியும் வைத்து, ஈ மொய்க்காமல் இன்னொரு இலையால் மூடினார். பிறகு பாதையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கூட்டம் முழுவதும் கடந்து போயிற்று.

"மெல்லமா நடப்பாவோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

கை கழுவிவிட்டு நடந்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தபோது, அவர் இலைக்குப் பக்கத்தில் இன்னும் இருந்தார்.

சுபாஸ்கரன்